அம்பிளிபயரின் பின்பக்கம்

அத்தான்,

சுவிட்சைப் போட்டேன். தூசு சுடும் மணம் வந்தது. உடனே நிறுத்தினேன்.

வெறும் தூசுதான். நீங்கள் போய் பதின்மூன்று மாதம். வருடம் திரும்பி ஆட்டைத் திவசம் முடியும்வரை அக்காவும் நானும் வீட்டில் பாட்டு வைக்கவில்லை, அம்பிளிபயரை ஒருவரும் தொடவில்லை. ஆனாலும் அந்த மணத்தை எனக்கு முன்பே தெரியும். எப்படித் தெரியும் என்று உங்களிடம் சொன்னதில்லை.

உங்கள் மகள் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு புது ஸ்பீக்கர் பெட்டிகள் கொண்டுவந்திருக்கிறாள். இங்கே இறுப்பிட்டி வரைக்கும் பஸ்ஸில், மடியில் ஒன்று, காலடியில் ஒன்று. “பழசு அப்பவே கரகரெண்டு இருமினது, மாமா.”

புதுப் பெட்டிகளின் பின்னால் தடை நாலு ஓம்ஸ் என்று எழுதியிருக்கிறது. எட்டுக்குக் குறையக் கூடாது என்று அம்பிளிபயரின் பின்பக்கம் எழுதியிருக்கிறது.

“வயர் பொருந்துதுதானே. பிறகென்ன?” என்றாள்.

ஏலாது என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த ஏனைத்தான் ஒன்பது வருடமாக ஒளித்து வைத்திருந்தேன்.

புளியங்கூடலில் ஒரு குடும்பம் வெளிநாடு போகும்போது விட்டுப்போன அம்பிளிபயர் அது. வெள்ளி முகம், மரப் பக்கங்கள். அதற்குப் பொருந்தும் பெட்டிகளை மாதக்கணக்காகத் தேடினீர்கள். நயினாதீவுக்குக் கடலில் போய்வரும் லோஞ்சில் என்ஜின் பார்க்கிற மனிதர், தடை பார்க்கிற மீற்றரும் கையுமாக வீடு வீடாகத் திரிந்தீர்கள். பட்டம் வாங்கிய நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

“லோஞ்சில பாரம் கூடினா என்ஜின் முக்கும், காதிலை கேட்கும். இது அப்பிடி இல்லைக் காணும். பாடிக்கொண்டே எரியும்.”

பாடும்போது மூடியின்மேல் உள்ளங்கையை வைப்பீர்கள், என்ஜினுக்குச் செய்வதைப்போல. “கை வைக்க ஏலுமெண்டால் பாடட்டும்.”

பிறகு உங்கள் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்தது. அன்றைக்கும் ஒரு நடை லோஞ்சோடு போயிருந்தீர்கள். இங்கே கொண்டாட்டம் என்றால் ஒழுங்கை முனைவரை கேட்க வேண்டும். பந்தலிலிருந்து யாரோ கத்தினார்கள்: “உதென்ன, காதுக்கை நுளம்பே பாடுது?”

கோவில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவர்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுத்துக்கொண்டே போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். தொடுத்தால் சத்தம் தூரம் போகும். அவ்வளவுதான் தெரியும். பக்கத்து வீட்டுப் பெட்டிகள் இரண்டை இரவல் வாங்கினேன். அம்பிளிபயரின் பின்னால் வயர் மாட்டும் இரண்டாவது வரிசை முனைகள் சும்மா இருந்தன. மாட்டினேன். நாலு பெட்டியும் சேர்ந்தால் தடை பாதியாகி நாலாகும், அம்பிளிபயர் இரட்டிப்பாக இழுக்க வேண்டிவரும். அதை நான் யோசிக்கவில்லை. கோவில் குழாய் வேறு, வீட்டுப் பெட்டி வேறு என்று நீங்கள் சொன்னது நினைவில் வந்தது. வந்த பிறகும் சத்தத்தைக் கூட்டினேன்.

பாதிப் பாட்டில் இடப்பக்கம் செத்தது. மணம்.

இரவல் பெட்டிகளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் படலையைத் திறக்கும்போதே பொய் தயாராக இருந்தது.

“கறன்ற் வந்து வந்து போனது, அத்தான்.”

மூடியில் கை வைத்தீர்கள். நெடுநேரம்.

“கறன்ற்தானே,” என்றீர்கள். “வாரும், சாப்பிடுவம்.”

பட்டணத்துக்குக் கொண்டுபோய்த் திருத்தி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தீர்கள். திருத்தியவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கறன்ற்காரரைத் திட்டிப் பேசினீர்கள். நான் பக்கத்தில் நின்றால் இன்னும் கூடுதலாக. ஒவ்வொரு முறையும் நான் நிலத்தைப் பார்த்தேன்.

கடைசியில் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று முறை சொல்லத் தொடங்கினேன். மூன்று முறையும் தண்ணீர் வேணுமோ என்று கேட்டு முடித்தேன்.

இன்றைக்கு, மகளுக்கு அந்த எட்டைக் காட்டுவதற்காக அம்பிளிபயரைச் சுவரிலிருந்து திருப்பினேன். இரண்டாவது வரிசை முனைகள் நாலும் மூடியிருந்தன. கறுப்பு ஒட்டுநாடா. ஒன்பது வருடத் தூசு. ஒவ்வொன்றின் நுனியும் உள்ளே மடித்திருந்தது. லோஞ்சில் வயர் சுற்றும்போதும் அப்படித்தான் மடிப்பீர்கள். “அடுத்த கை கழட்ட வேணுமல்லோ.”

உப்புக்காற்றுக்காகச் சுற்றியிருப்பீர்கள் என்று ஒரு நிமிடம் என்னை ஏமாற்றப் பார்த்தேன். பக்கத்திலிருந்த ரேடியோவின் வெறும் முனைகளை நீங்கள் ஒருநாளும் சுற்றியதில்லை.

“இந்தப் பெட்டி ஏலாது,” என்றேன்.

“ஏன்?”

“முந்தி இப்பிடித்தான் எரிஞ்சது. உன்ர சாமத்தியவீட்டில. கறன்ற் போகேல்லை. நான்தான் எரிச்சனான்.”

குசினி வாசலில் கையில் அகப்பையோடு அக்கா நின்றாள். அவள் நின்றது எனக்குத் தெரியாது.

“எத்தினை வருசம் கறன்ற்காரரைப் பேசினவர்,” என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

மகள் என்னையும் ஒட்டுநாடாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “பட்டம் உங்களுக்கு. மூளை அப்பாவுக்கு,” என்றாள். பிறகு பழைய பெட்டிகளின் வயர் நுனிகளைக் கத்தியால் சுரண்டினாள். பச்சைக் களிம்பு உதிர்ந்தது. முதல் வரிசையில் மாட்டினோம். இருமல் இல்லை.

புதுப் பெட்டிகள் வாசலோடு இருக்கின்றன. திருப்பிக் கொண்டுபோவாள்.

இதை எழுதுவது வலது கை. இடது கை மூடியின்மேல். இரண்டு பாட்டு முடிந்துவிட்டது, மூன்றாவது ஓடுகிறது. அக்கா இன்னும் குசினியை விட்டு வரவில்லை. அவளுக்குக் கேட்கும். சத்தத்தைக் கூட்டவில்லை.

சூடு மெல்ல ஏறுகிறது. கை வைக்க ஏலுகிறது. இன்னும் எடுக்கவில்லை.