மகளின் விளக்கக் கடிதம்

மார்ச் 4
கண் மருத்துவரிடம் போக வேண்டிய நாள். போகவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். மகள் மூன்று ஆண்டுகளுக்கு எந்தத் தேர்வும் எழுதக் கூடாதாம். கால்குலேட்டர் உறையில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டுக்கு. ஒரு மதிப்பெண் கேள்விக்குப் பத்து மதிப்பெண் கழிப்பதுபோல. அதே அறையில் பிடிபட்ட இன்னொருத்திக்கு அந்த ஒரு தாள் மட்டும் ரத்து. யாரோ உள்ளே வேலை பார்த்திருக்கிறார்கள்.

மார்ச் 11
வழக்குப் போடலாம் என்கிறார் வக்கீல். "சீட்டே இல்லைன்னு வாதாட முடியாது சார். தப்புக்கு மீறின தண்டனைன்னுதான் கேக்கணும்."
அப்படியென்றால் குற்றத்தை ஒப்புக்கொள்வதா? இவர் யார் பக்கம்? பிறகு நீதிமன்ற வளாகத்தில் பல்கலைக்கழகத்து வக்கீலோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

மார்ச் 12
மகளின் விடுதி அறைத்தோழிமீதும் சந்தேகம். சீட்டை அவள் வைத்திருக்கலாமே. மகளிடம் கேட்டேன். "விடுங்கப்பா."
ஏன் விடச் சொல்கிறாள்?

ஏப்ரல் 2
பல்கலைக்கழகம் பதில் மனு போட்டிருக்கிறது. வக்கீல் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மாணவி பொய்யான விளக்கம் தந்ததால் கூடுதல் தண்டனை. பிடிபட்ட மற்றவள் ஒப்புக்கொண்டு எழுதினாளாம். கீழே என் மகளின் கடிதம்: 'எனக்குத் தெரியாமல் யாரோ வைத்தது.'
அது என் வாக்கியம்.
பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டபோது அவள் எழுதி வந்தது வேறு. 'பயத்தில் வைத்திருந்தேன். எடுத்துப் பார்க்கவில்லை. மன்னியுங்கள்.' யாரையோ காப்பாற்றுகிறாள் என்று நினைத்து, வகுப்புக் கட்டுரையைத் திருத்துவதுபோல் அடித்து மாற்றி, நல்லபடியாக எழுதிக் கொடுக்கச் சொன்னேன். முப்பத்திரண்டு வருஷ வாத்தியார் பழக்கம் — எவன் சொன்னதை நேராக நம்பியிருக்கேன் நான்?
பேருந்தில் மகள் கேட்டாள்: "உங்க திருத்தத்துக்கு எவ்வளவுப்பா மார்க்?"

ஏப்ரல் 3
நடந்ததைச் சொன்னேன். நான் அடித்துத் திருத்திய தாள் இருக்கிறதா என்றார் வக்கீல். இருக்கிறது. எதையும் கிழித்துப் போடாதவன். இதை நீதிபதி படிக்கணுமா? படிக்கட்டும். திருத்தியது நான்தான் என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன்.

ஏப்ரல் 29
தீர்ப்பு வந்தது. அந்த ஒரு தாள் மட்டும் ரத்து. மூன்றாண்டுத் தடை நீங்கியது. வக்கீலுக்கு நன்றி சொன்னேன். அவரைச் சந்தேகப்பட்டதைச் சொல்லவில்லை.

ஜூன் 6
மகளுக்கு மறுதேர்வு. கிளம்பும்போது, நான் கேட்காமலே, பையை மேசைமேல் தலைகீழாகக் கொட்டினாள். "பாத்துக்குங்கப்பா."
"வேண்டாம்மா" என்றேன்.
ஆனாலும் பார்த்தேன்.