திறந்து கிடந்த வேன் கதவு

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நண்பர்கள் சிலரோடு, டஃபி உள்பட இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு, படுக்கை வசதியுள்ள மோட்டார்ஹோம் வேனில் தாய்லாந்தின் ஹாட்யாய் வரை போய்வந்ததிலிருந்து பியாட்ரிஸ் கணவரிடம் சரியாகப் பேசவில்லை. வாடகை வண்டியைத் திருப்பிக் கொடுக்க செனாய் நகருக்குக் கிளம்புமுன், மலேசியாவின் குளுவாங்கிலுள்ள வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெர்னார்ட் சீட்டு எழுதினார்.

"பியாட்ரிஸ், நாய்களுக்குச் சோறு வடிச்சு வச்சிருக்கேன். சாவி ஃப்ரிட்ஜ் மேல. மத்தியானம் வந்துடுவேன்."

பேனா நின்றது. பிறகு அடியில் நெருக்கி எழுதினார்.

"ஹாட்யாய்ல டஃபி ஓடிப்போய்த் தேடிப் பிடிச்சப்ப, கதவச் சாத்தலன்னு எல்லார் முன்னாலயும் உன்ன ஏசுனேன். சிகரெட் குடிக்க இறங்குனது நான். சாத்தாம விட்டதும் நான்தான்."

பின்னால் நின்று படித்த பியாட்ரிஸ், "தெரியும்லா. அத்தன பேரு முன்னால நீங்களும் அசிங்கப்பட வேணாமேன்னுதான் பேசாம இருந்தேன்" என்றாள்.

பெர்னார்டால் திரும்பி அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.