எட்டாவது அடி

அன்புக் கண்ணு பூங்குழலிக்கு,

அம்மா எழுதுவது. மலையில் நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், சென்னை வெயிலில் நீ வாடாமல் இருக்க வேண்டும் என்று அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை, சாமை அறுத்தாயிற்று, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் உனக்குப் பசியே தெரியாது.

உன் கடிதமும், கம்ப்யூட்டர் வாசித்த மேளத்தின் கேசட்டும் வந்தன. நம் ஊர்ப் பண்டிகை ஆட்டத்தின் மேளத்தை நீ கம்ப்யூட்டரில் சங்கீத நோட்டாக அடித்திருப்பதையும், அது புத்தகத்தில் உன் பேரோடு வரப்போவதையும் உங்கப்பா செம்மேடு சந்தையில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு சுற்றுக்கு எத்தனை அடி என்று முதலில் எண்ணைப் போட்டால்தான் கம்ப்யூட்டர் கோடே கிழிக்கும், நான் எட்டு போட்டிருக்கிறேன், என் காதுக்கு அதுதான் சரி, ஆனாலும் அச்சுக்குப் போகும் முன் கேட்டுச் சொல், தப்பாக வந்தால் ஆயுசுக்கும் என் பேரில் நிற்கும் என்று பயந்து எழுதியிருந்தாய். பயப்பட வேண்டியதுதான் கண்ணு, அது தப்பு.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமன் மாதேஸ்வரனை வரச்சொன்னேன், மேளம் அடிக்கிறவனுக்குத் தெரியாததா. பக்கத்து வீட்டு ராமாயியும் இன்னும் நாலு பெண்களும் வந்தார்கள். வாசலில் டேப்பை வைத்தோம். கம்ப்யூட்டர் மேளம் தகர டப்பாவைத் தட்டுவது போல இருந்தாலும் கால் சும்மா நிற்குமா, கைகோர்த்து ஆட ஆரம்பித்துவிட்டோம். முன்னே மூன்று, பின்னே இரண்டு, திரும்ப இரண்டு. திரும்பி முடித்து அடுத்த சுற்றுக்குக் காலை எடுத்தால் மேளம் இன்னும் வந்து சேரவில்லை. ராமாயி என் மேல் விழ, நான் கோழிக்கூடையின் மேல் விழ, ஒரே சிரிப்பு. ஏனுங்கக்கா, உங்க புள்ள ஒரு அடி கொசுறு போட்டுருக்குதுங்களே என்று மாதேஸ்வரன் கேலி செய்தான். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஆட்டத்திலேயே வளர்ந்தவள் எப்படி ஒரு அடியைக் கூட்டிப் போட்டாள் என்று யோசித்தேன்.

டேப் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மரவள்ளிக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த உங்கப்பா எழுந்து வந்து தனியாக ஆடினார். நீ சென்னை போனதிலிருந்து அவர் பண்டிகை வரிசைக்கே வருவதில்லை, மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று ஒதுங்கிக்கொள்வார். நீ தவழ்கிற வயசில் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து கட்டையாகிப்போன இடது கால், திரும்பும்போது தரையில் ஒரு இழுப்பு இழுத்துத்தான் ஊன்றும். முன்னே மூன்று, பின்னே இரண்டு, திரும்ப இரண்டு, இழுக்க ஒன்று. நாங்கள் ஆறு பேர் தடுமாறிய மேளத்துக்கு அவர் ஒருத்தர் பிசகாமல் சுற்றி வந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வரிசைக் கடைசியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதானே நீ ஆடப் பழகினாய். ஊர் ஏழு ஆடும், நீங்கள் இரண்டு பேரும் எட்டு ஆடிவிட்டு ஓடிப்போய் வரிசையைப் பிடிப்பீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அவரிடம் சொன்னேன். ஊரு ஆட்டத்த ஊரு ஆட்டமாவே போடச் சொல்லு, என் நொண்டிக்கால எதுக்குப் பொஸ்தகத்துல ஏத்தோணும் என்றார். அதுவும் நியாயம்தான். புத்தகத்துக்கு ஏழு என்றே போடு. ஏழு போட்டால் கம்ப்யூட்டர் தானாக இரண்டு, இரண்டு, மூன்று என்று சேர்த்துக் கட்டிவிடுகிறது, கையால் மாற்றுவது பெரும்பாடு என்று முன்பு வேறொரு பாட்டுக்கு எழுதியிருந்தாய். பாடுபட்டாலும் பரவாயில்லை, மூன்றை முதலில் வை, இல்லாவிட்டால் படித்து ஆடுகிறவர்கள் முன்னே போகாமலே பின்னே வந்துவிடுவார்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ணுக்குக் குளிர்ச்சி.

ஆனால் அந்த எட்டை அழித்துவிடாதே சாமி, தனியாக வைத்துக்கொள். உங்கப்பா தினம் சாயங்காலம் அதைப் போடச் சொல்கிறார், டேப் ஒருதரம் நாடாவைத் தின்றுவிட்டது, பண்டிகைக்கு வரும்போது இன்னொரு கேசட் கொண்டு வா. இந்த வருஷம் வரிசைக் கடைசியில் நிற்கிறாராம், பிடித்துக்கொள்ள உன் கை வேண்டுமாம்.

குலசாமி உனக்குத் துணையிருக்கட்டும், தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன் அம்மா,
அத்தாயி