அப்பாவின் நான்கு வரி

பிப்ரவரி 11, புதன்

கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள். நோட்டில் மொத்தம் 214 வேலை, முடிந்தது 131. ஆபரேஷன் தியேட்டரில் எட்டு வருஷமாகக் கத்தியையும் பஞ்சையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிற நர்சுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? என் கணக்கில் ஒரு பஞ்சுகூட இதுவரை யார் வயிற்றிலும் தங்கியதில்லை. பெருமைதான். என் நோட்டில் நான் சொல்லிக்கொள்ளாமல் வேறு யார் சொல்வது?

"நீ கல்யாணப் பொண்ணா, காண்ட்ராக்டரா?" என்று கேட்கிறாள் சித்தி. இரண்டும்தான்.

ஒரே ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. எண் 88, வரவேற்புரை. சித்தப்பா பெயரை எழுதி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் 'நான்' என்று இருக்கிறது.

அப்பாவுக்குத் திக்குவாய். முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறார், ஸ்டியரிங்கோடு பேச வேண்டிய அவசியமில்லை. போனைத் தொடவே மாட்டார். வீட்டில் அவர் ஒரு சொல்லை ஆரம்பித்தால் நான் முடித்துவிடுவேன். இப்போது முன்னூறு பேர் முன்னால், கையில் மைக்கோடு... யாராவது சிரித்துவிட்டால்? அதை என்னால் தாங்க முடியாது. உரையை நானே எழுதி, ஒரு பிரதியை சித்தப்பாவிடம் கொடுத்து, சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 14, சனி

துணிக்கடை. கல்யாணப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டினேன். மாப்பிள்ளை கொட்டாவி விட்டார். ஒன்றல்ல, நான்கு. எண்ணினேன்.

ஆரம்பப் பள்ளி வாத்தியார். பேசி முடித்து நாலு மாதமாகிறது. எதைக் கேட்டாலும் "நீ சொன்னா சரி" என்பதுதான் பதில். மண்டபம், சமையல், பூ, வண்டி, எல்லாமே நான் சொன்னால் சரிதான். மாப்பிள்ளை கொட்டாவி விட்டே குடும்பம் நடத்திவிடுவார் போல என்றாள் சித்தி. கடைக்காரர்கூடச் சிரித்தார். காலம் முழுக்க எல்லாவற்றையும் நானே இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதானா?

பிப்ரவரி 22, ஞாயிறு

முடிந்தது. 214-க்கு 214.

அப்பா பேசினார். நான் எழுதிக் கொடுத்ததை அல்ல, அவருடைய சொந்த நான்கு வரி. "வந்த எல்லாருக்கும் வணக்கம். இவ என் மூத்த பொண்ணு. இத்தனை வருஷம் எனக்கும் சேர்த்து இவதான் பேசினா. இனிமே என் பங்கை நானே பேசிக்கறேன்."

ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. சட்டைப் பைக்குப் போன சித்தப்பாவின் கை வெறுமனே திரும்பி வந்தது. நான் மேடையிலேயே அழுதேன், அலங்காரம் செய்தவள் முறைத்தாள். எப்படி நடந்ததென்று தெரியவில்லை. கடவுள் புண்ணியம் என்று 88-க்கு நேரே எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

படகில் இரண்டு மணி நேரம். தீவில் மொத்தம் ஒன்பது குடில்கள், கடைசிக் குடில் எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் கடல். வாசலில் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு வலைத்தொட்டில். நான் பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் இவர் அதில் ஏறித் தூங்கிவிட்டார்.

பிப்ரவரி 25, புதன்

தூங்குகிறார்.

பிப்ரவரி 26, வியாழன்

இன்னும் தூங்குகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், சாப்பிடுகிறார், என்னைப் பார்த்து அழகாகச் சிரிக்கிறார், மறுபடி தொட்டில். தேனிலவுக்கு என்னையும் அழைத்து வந்தது துணி மடிக்கவா?

மத்தியானம் தங்கச்சி கல்யாண வீடியோ அனுப்பினாள். அப்பா பேசுவதை மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவைதான் பக்கத்தில் நிற்கும் இவரைக் கவனித்தேன். வாய் அசைந்துகொண்டே இருக்கிறது. என் அப்பா வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மைக் பிடிக்கிறார், இந்த மனுஷன் பக்கத்தில் நின்று மிட்டாயோ எதையோ மெல்லுகிறார்!

கேட்டேவிட்டேன். கொஞ்சம் கத்தினேன் என்றும் சொல்லலாம். "மிட்டாய் இல்ல" என்றார். வேறு என்ன என்றேன். பழையபடி தொட்டிலில் ஏறிப் படுத்துவிட்டார். நானா தப்பு? இல்லை. அப்படித்தான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலையில் இவர் குளிக்கக் கடலில் இறங்கியிருந்தார். இவருடைய போன் அடித்தது. திரையில் 'மாமா'. எந்த மாமாவோ என்று எடுத்தால், மறுமுனையில் மூச்சு. அப்பாவின் மூச்சு எனக்குத் தெரியாதா? பதறிப்போனேன். என்னப்பா, உடம்பு சரியில்லையா, தங்கச்சிக்கு எதாவதா, மாத்திரை தீர்ந்துபோச்சா என்று வரிசையாக அடுக்கினேன். அவர் எதையோ ஆரம்பித்தார். நான் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். கட் ஆகிவிட்டது.

இவர் ஈரத்தோடு ஓடி வந்தார். போனை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஓரமாகப் போய் இருபது நிமிஷம் பேசினார். பேசினார் என்றா சொல்வது? ஒரு வரி சொல்வார், நிறுத்துவார், தலையாட்டுவார், மறுபடி அதே வரி.

திரும்பி வந்ததும், இனி மறைக்க முடியாது என்று மணலில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். டிப்போவிலிருந்து அப்பா எடுக்கிற முதல் பஸ் முதல் நிறுத்தம் வரைக்கும் காலியாகத்தான் போகும். இருபத்தைந்து நிமிஷம். கல்யாணத்துக்கு முந்தைய ஐந்து வாரமும், தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து, அப்பாவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறார். இவர் வகுப்பில் திக்கும் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கும்போது திக்குவதில்லையாம். அதையே அப்பாவோடு செய்திருக்கிறார். முதலில் இருவரும் சேர்ந்து சத்தமாக. பிறகு இவர் குரலைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியில் உதடு மட்டும்.

மேடையில் அதுதான். மிட்டாய் இல்லை.

நான்கு கொட்டாவியை எண்ணினேனே, அதற்குப் பின்னால் இருந்த விடியற்காலைகள் என் கணக்கில் வரவே இல்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"மாமாதான் சொல்ல வேணாம்னாரு. 'அவளுக்குத் தெரிஞ்சா, பாவம்னு எனக்குப் பதிலா அவளே பேசிடுவா'ன்னாரு."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் சொல்லை நான் முடித்துக் கொடுத்திருக்கிறேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு தடவையாவது அவர் முடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேனா?

வெளியே வந்ததும், அப்பா இப்போது எதற்காகக் கூப்பிட்டார் என்று கேட்டேன்.

"போன்ல பேசிப் பழகறாரு. இனிமே நீ அந்த வீட்டுல இல்லல்ல. உன்கிட்ட பேசணும்னா போன்தானே."

இந்த ஆளைத்தான் காலம் முழுக்க இழுத்துக்கொண்டு போக வேண்டுமோ என்று பயந்தேன். இவர் என் புருஷன் என்று மற்ற எட்டுக் குடில் கதவையும் தட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. தட்டவில்லை. ஈரத் துண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

பிப்ரவரி 28, சனி

தொட்டிலில் இருவர் படுக்கலாம். இன்று ஒரு வேலையும் செய்யவில்லை.

மார்ச் 2, திங்கள்

நாளை படகு. ஆறு நாளில் முகம் கறுத்துவிட்டது, கல்யாண அலைச்சலில் வந்த கால் வீக்கம் வற்றிவிட்டது, வேலைப் பட்டியல் பக்கம் போகவே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அப்பா திக்கும்போது நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யாத. மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இரு. உனக்கு எண்ண வரும்ல, சிஸ்டர்?"

பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே ஆள். கரையில் இருந்த படகுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மார்ச் 5, வியாழன்

புது வீடு. அடுப்பு இடது பக்கம், கை இன்னும் வலது பக்கமே போகிறது. சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்து பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. இவருடையதல்ல, என்னுடையது. அப்பா.

எடுத்தேன். மூச்சு. வாயைத் திறக்காமல் எண்ணினேன். ஐந்து. எட்டு. பால் பொங்கியது, இவர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். பதினொன்று.

"நா... நான்தான்மா. அ... அப்பா பேசறேன்."

சொல்லுங்கப்பா என்றேன். என் பங்கு அவ்வளவுதான்.

சாப்பிட்டதைச் சொன்னார். பஸ்ஸுக்கு புது டயர் மாற்றியதைச் சொன்னார். பிறகு, "நீ இல்லாம வீடு..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். வெறிச்சென்று இருக்கிறது என்றுதான் சொல்ல வருகிறார். சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். ஆறு. ஏழு. எட்டு. ஒன்பது.

"அ... அமைதியா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

என் அப்பா கிண்டல் செய்வார் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.