காவுக்கு உட்கார்ந்த கோழி

அனுப்புபவர்:
அ. பாஞ்சாலி, வயது 16,
த/பெ. அய்யாவு (மில் தொழிலாளி),
அம்மன் கோயில் சந்து,
ஸ்ரீராம்புரம், பெங்களூர்.

பெறுபவர்:
கனம் கால்நடை டாக்டர் அவர்கள்,
கால்நடை ஆஸ்பத்திரி,
பெங்களூர்.

விஷயம்: நோயிலிருந்து பிழைத்து இப்போது அடைகாக்கும் என் கோழியை வருகிற வெள்ளிக்கிழமை பலியிட இருப்பது பற்றியும், அதன் கழுத்தைக் குறித்துத் தாங்கள் எழுத்துமூலம் ஒரு வரி தர வேண்டியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாசி மாதம் எங்கள் சந்தில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தபோது, சாக்குப் பையில் ஒரு செவலைப் பெட்டையைத் தங்களிடம் எடுத்து வந்தவள் நான்தான். தாங்கள் பல கேள்விகள் கேட்டீர்கள். நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. "கோழிக்குத்தான் நோயின்னு நெனச்சேன், உனக்கும் வாய் கட்டிடுச்சா?" என்று தாங்கள் சிரித்தது நினைவிருக்கலாம். பிறகு கோழியின் தலையைப் பிடித்துப் பார்த்து, "இது பொழச்சிக்கும். கழுத்து மட்டும் கோணலாவே நின்னுடும். கையால ஊட்டு" என்றீர்கள். தாங்கள் சொன்னபடியே ஆயிற்று.

2. சந்தில் மற்ற எல்லா வீட்டுக் கோழிகளும் செத்துப்போயின. இது ஒன்றுதான் மீந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு முகம் மேல்நோக்கியே இருப்பதால், தரையில் கிடக்கும் தானியம் அதன் கண்ணுக்குத் தெரியாது. கேழ்வரகுக் களியைச் சிறுசிறு உருண்டையாக உருட்டி அலகில் வைத்தால் விழுங்கும். பயந்துவிட்டால் முன்னால் ஓடாமல் பின்பக்கமாகவே நடந்து சுவரில் முட்டிக்கொள்ளும். சில வேளைகளில் நின்ற இடத்திலேயே வட்டமிடும். என் அப்பா அதற்கு 'வானம்பார்த்தாள்' என்று பெயர் வைத்தார். அம்மா பங்களா வேலைக்குப் போவதால் ஐந்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பகலில் வீட்டில் இருப்பது நானும் அதுவும்தான்.

3. ஆனி மாதத்தில் அது முட்டையே இடாமல் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த இடம் எங்கள் உருளைக்கிழங்குக் கூடை. தூக்கி வெளியே விட்டால் மறுபடியும் பின்பக்கமாக நடந்து வந்து கிழங்கின்மேல் உட்காரும். "உருளைக்கிழங்கைப் பொரிக்க எண்ணெய் போதுமேம்மா, கோழி எதுக்கு?" என்று அப்பா கேலி செய்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. ஆஸ்டின் டவுனில் இருக்கும் என் அத்தை யசோதாவிடம் முட்டைகள் வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கிழங்குக்குப் பதிலாக வைத்தேன். இப்போது விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முட்டைக்குள் அசைவு தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வாக்கில் பொரிந்துவிடும்.

4. பிழை நடந்தது போன வாரம். எங்கள் சந்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கோழி அடைகாப்பதை 'அடை' என்று சொல்வதில்லை. கன்னடக்காரர்கள் சொல்வதுபோல் 'காவு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கோயில் பூசாரி சின்னப்பா அவர்கள் ஆரணிப் பக்கத்திலிருந்து சென்ற வருஷம்தான் இங்கே வந்தவர், கன்னடம் அறியாதவர். ஆடித் திருவிழாவுக்கு அழைக்க வீடுவீடாக வந்தபோது எங்கள் கூடையை எட்டிப் பார்த்து, "ஏம்மா, இந்தக் கோழி ஏன் அசையாம குந்திக்கினு இருக்குது?" என்று கேட்டார். நான், "காவுக்கு உக்காந்திருக்குங்க" என்றேன். அவருடைய ஊரில் காவு என்றால் பலி. தமிழில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

5. பூசாரி கைகூப்பிவிட்டார். முகத்தை மேலே திருப்பி அசையாமல் இருந்த கோழியைக் காட்டி, "பாத்தீங்களா! புடிச்சிக் கட்டல, இழுத்து வரல. தானா வந்து காவுக்குக் குந்திக்கினு ஆத்தாளப் பாக்குது!" என்று சத்தமாகச் சொன்னார். சந்தே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுச் சந்திரம்மா அக்காவின் குழந்தை சரசுவுக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. மறுநாள் குழந்தைக்கு ஜுரம் இறங்கியது. அம்மன் காவை ஏற்றுக்கொண்டாள் என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். கோழியின் காலில் மஞ்சள் கயிற்றில் வேப்பிலை கட்டினார்கள். பெண்கள் வந்து தொட்டுக் கும்பிடுகிறார்கள். தொடும்போதெல்லாம் அது மிரண்டு எழுந்து பின்னால் நடக்கிறது. அந்த நேரமெல்லாம் முட்டைகள் ஆறுகின்றன.

6. நான் திருத்திச் சொல்ல முயலாமல் இல்லை. கோயிலுக்குப் போய்ப் பூசாரி முன்னால் நின்றேன். அவர் என் நெற்றியில் குங்குமம் வைத்து, நன்றாயிரு என்று வாழ்த்தி அனுப்பினார். சந்திரம்மா அக்காவிடம் போனேன். "வருஷக்கணக்கா பக்கத்து வீட்டுல இருக்க, உன் கொரலை நான் கேட்டதில்ல. பேசாத பொண்ணு வாயில வந்தா அது சும்மாவாடி? அது ஆத்தா வார்த்தை" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் சொன்னதற்கு, "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டியேம்மா. இப்ப நான் போயி மாத்திச் சொன்னா அய்யாவு வாக்கு தப்பினான்னு பேராயிடும். நாளைக்குக் கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சின்னா நம்ம தலையிலதான் விடியும்" என்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான். சரசு என் மடியில் வளர்ந்த குழந்தை. கோழிக்குக் கறையான் பொறுக்கிக்கொண்டு வருவாள். அவளுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது.

7. போலீஸில் எழுதிக்கொடு என்று தெருமுனைத் தையற்காரர் முனிராஜ் சொன்னார். அதில் எனக்கு விருப்பமில்லை. பூசாரி வயதானவர், நல்லவர். நான் சொன்னதை அவருக்குத் தெரிந்த பாஷையில் கேட்டார், அவ்வளவே.

8. ஆனால் அவர் வாயாலேயே ஒன்று கேட்டேன். போன திருவிழாவில் கால்விரல் ஒடிந்த ஒரு சேவலை, "ஊனமும் நோவும் ஆத்தாளுக்கு ஆகாது" என்று திருப்பி அனுப்பினார். வானம்பார்த்தாளின் கழுத்தும் நோயால் வந்த ஊனம்தானே என்று நினைத்து, அப்பாவை விட்டுக் கேட்கச் சொன்னேன். "அது நோவு இல்ல அய்யாவு, ஆத்தா திருப்பி வெச்ச கழுத்து" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்வீர்களா என்று அப்பா கேட்டதற்கு, கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

9. ஐயா, இங்கேதான் எனக்குப் பயம். நோயுள்ள கோழி என்று தாங்கள் எழுதினால் அம்மனுக்கு ஆகாது. ஆனால் அப்படி எழுதிய பக்கத்துத் தெருக் கோழிகளை மாசியில் கார்ப்பரேஷன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் குழியில் போட்டுவிட்டார்கள். நோயில்லாத கோழி என்று எழுதினால் வண்டிக்குத் தப்பும், வெள்ளிக்கிழமைக்குத் தப்பாது. ஆகவே, 'நோய் வந்து தீர்ந்த கோழி; அந்த நோயினால் கழுத்து ஊனமானது; இதனால் யாருக்கும் தொற்று இல்லை' என்று தாங்கள் எழுத வேண்டும். ஒரு சொல் மாறினாலும் கோழி பிழைக்காது. ஒரு சொல்லால் வந்த வினை என்பதால் இதைத் தங்களுக்கே சொல்லத் துணிந்தேன். மன்னிக்கவும்.

10. முடியுமானால் அதே தாளில், கன்னடத்தில் காவு என்றால் அடைகாத்தல் என்பதையும் தமிழில் எழுதி முத்திரை வைத்துத் தரக் கேட்டுக்கொள்கிறேன். நான் வாக்குத் தவறவில்லை, வாக்கே கொடுக்கவில்லை என்பது அப்போது அப்பாவுக்கும் அம்மனுக்கும் விளங்கும். வியாழக்கிழமை மாலை மஞ்சள் நீராட்டக் கோழியைக் கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மாற்றி அடைவைக்கச் சந்தில் வேறு கோழி கிடையாது. கோழி எழுந்தால் முட்டைகளும் போய்விடும். அதற்கு முன் தங்கள் எழுத்து என் கைக்கு வர வேண்டும்.

11. தபாலில் தாமதமாகும் என்பதால் இந்த மனுவை நானே கொண்டு வந்து தங்கள் மேஜைமேல் வைத்துவிட்டு நிற்பேன். தாங்கள் ஏதாவது கேட்டால், மாசியில் நின்றது போலவே நின்றுவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். 'பிறகு வா' என்றால் பழக்கத்தில் தலையை ஆட்டினாலும் ஆட்டிவிடுவேன். தயவுசெய்து அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம். நான் சொல்ல வேண்டியது முழுவதும் இந்தத் தாளில் இருக்கிறது.

தங்கள் எழுத்தை வாங்காமல் வீடு திரும்ப மனமில்லாத,

அ. பாஞ்சாலி
(கையொப்பம்)

இடம்: ஸ்ரீராம்புரம், பெங்களூர்
தேதி: 30-7-1957