இருபது குப்பி

மணவாளக்குறிச்சி
12 மே 2008

வருங்கால விஞ்ஞானி ஜெமி அக்காவுக்கு, நிகழ்கால எடுபிடி லிஜின் எழுதுவது.

ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்க்காத சமூகங்களிலிருந்து ஐதராபாத்தில் மரபணுக் கோடைப் பயிற்சிக்குப் பொறுக்கிய இருபத்துநாலு பேரில் நீயும் ஒருத்தி என்று பூசையில் சாமியார் அறிவித்தார். 'பொறுக்கி' என்னுடைய சேர்ப்பு. அம்மா அழுதாள். அப்பா வலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

நீ விட்டுப்போன இருபது குப்பியும் உப்புத்தண்ணீரும் சம்மதத் தாள்களும் என் கட்டிலடியில் பத்திரம். வீட்டுக்கு ஒரு ஆள் வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும்தானே? வாயாடிக்கு வாய்த்தண்ணீர் வாங்கவா தெரியாது?

லிஜின்

ஐதராபாத்
18 மே

அன்புத் தம்பி லிஜினுக்கு,

இங்கே அவரவர் ஊரார் தந்த மாதிரியை அவரவரே ஆராய வேண்டும். இவர்கள் மரபணுப் பட்டியலில் நம் கடற்கரை ஆள் ஒருவர்கூட இல்லை. கடைசி வாரம் வாசிக்கும் அறிக்கையைப் பார்த்து இரண்டு பேருக்கு இங்கேயே பிஎச்.டி. இடம் தருவார்களாம். எதிர் மேசைப் பெண், 'எந்தக் கோட்டாவில் வந்தாய்?' என்று கேட்டாள். அறிக்கையில் பதில் சொல்கிறேன்.

கல்லூரித் தேர்வு முடிந்த மறுநாளே ரயிலேறியதால் என்னால் வீடு வீடாகப் போக முடியவில்லை. ஆனால் நானே நேரில் வாங்கியதாகக் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆகவே விளையாடாதே மக்கா. இந்த வாரமே கூரியரில் அனுப்பு.

அக்கா ஜெமி

மணவாளக்குறிச்சி
24 மே

அக்கா,

அனுப்பியாயிற்று. உனக்காக ஊரே துப்பியது. ததேயுஸ் மாமாவின் குப்பியில் மீன் நாறினால் கம்பெனி பொறுப்பல்ல. பிஎச்.டி. கிடைத்தால் பாதி எனக்கு. பி மட்டும் போதும்.

லிஜின்

ஐதராபாத்
14 ஜூன்

லிஜின்,

இருபது குப்பியிலும் ஒரே ஆள்.

என் கைப்பிழை என்று நினைத்து மூன்று முறை சோதித்தேன். பிறகு பேராசிரியர் எல்லோர் முன்னாலும் அழைத்து, சம்மதத் தாள்களை மேசையில் பரப்பி, இவர்களை நீ பார்த்தாயா என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னால் என் கையெழுத்து பொய். சொல்லாவிட்டால் குப்பிகளில் நானே மோசடி செய்ததாகும். தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். 'இதனால்தான் உங்களையெல்லாம் சேர்க்கத் தயங்குகிறார்கள்' என்றார். எங்கள் இருபத்துநாலு பேருக்கும் சேர்த்துச் சொன்னார்.

ஏம்லே இப்படிச் செய்தாய்?

ஜெமி

மணவாளக்குறிச்சி
20 ஜூன்

அக்கா,

சத்தியமாகப் போனேன். முதலில் கிளாரா சித்தி வீடு. 'முன்னாடி ஆராய்ச்சின்னு ஒரு கூட்டம் வந்து ரத்தம் எடுத்திட்டுப் போச்சு. உங்க சித்தப்பாக்கு என்ன நோவுன்னு சொல்லக்கூட ஒருத்தனும் திரும்பி வரல்ல. அவரும் போய்ச் சேந்தாச்சு. இப்ப உங்க அக்காளுக்கு துப்பலும் வேணுமாலே?' என்றாள். நல்லவேளை, குப்பியை வீசவில்லை. பன்னிரண்டு வீட்டில் இதே கதை. மீதி எட்டு வீட்டுக்கு நான் போகவே இல்லை.

நீ ஊரை நம்பினாய். ஊர் உன்னை நம்பவில்லை என்று எழுதக் கை வரவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து இருபதையும் நானே நிரப்பினேன். கையெழுத்துகளை இடக்கையால் போட்டேன். அப்போது சிரிப்பாக இருந்தது.

நான் அங்கே வந்து பேராசிரியரிடம் சொல்லட்டுமா?

லிஜின்

ஐதராபாத்
29 ஜூன்

லிஜினுக்கு,

வர வேண்டாம். சான்றிதழ் தராமல் அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டு வீடு தர மறுத்தது, காரணம் இது என்று நீ எழுதியிருந்தால் அதுவே என் அறிக்கை. இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாத சங்கதி அது. சித்தி வாசலில் நின்று அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். என் பிழைக்கு நான் பொறுப்பு. ஆனால் கேட்டவன் நீ, மறைத்தவனும் நீ.

சென்னையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கேட்டிருக்கிறேன். விலாசம் எழுதவில்லை. பயிற்சியை நீட்டித்திருக்கிறார்கள் என்று அப்பாவிடம் சொல். நீ சொன்னால் நம்புவார்.

ஜெமி