கொடியில் காய்ந்த பாக்டீரியா

யோக்யாகர்த்தா

அன்பு மகன் பாகஸுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தங்கை ராத்தி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஜப்பான் குளிரில் நீ காதுக்குத் தொப்பி போட்டு நலமாக இருப்பாய், இங்கே எல்லோரும் மூச்சு விடுகிறோம், அதற்குமேல் கேட்காதே. போனில் திட்டினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

போன விடுமுறையில் வந்து நம் சலவைக்கடைக்குப் பின்னால் இரண்டு தொட்டி கட்டி, நானோ துகள் பூசிய பஞ்சு என்று எதையோ தொங்கவிட்டு, இதில் பாக்டீரியா குடியிருந்து சோப்பைத் தின்னும் என்றாய். தின்றது உண்மைதான், வாய்க்காலில் நுரை அடங்கியது, கீழ்வீட்டு மார்சுடியின் குளத்தில் கெளுத்தி செத்து மிதப்பதும் நின்றது. ஆனால் பஞ்சு சளி பிடித்தாற்போல வழவழக்கும், அதைக் கழுவக் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? பெருநாளுக்கு வீடு கழுவும்போது உன் அப்பா, “சலவைக்கடைல இம்புட்டு அழுக்கா, வர்றவன் காறித் துப்புவான்” என்று முதல் தொட்டிப் பஞ்சை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வாடிக்கையாளர் சட்டைகளுக்கு நடுவே கிளிப் மாட்டிக் காயப்போட்டார். (இஸ்திரி மட்டும்தான் போடவில்லை அண்ணா.) பெருநாள் துணி மலையாக வந்தது, நுரையும் திரும்பி வந்தது. மார்சுடி செத்த மீனை வாளியில் கொண்டுவந்து, “அக்கா, உங்க சோப்புல நல்லா குளிச்சிட்டானுங்க, இனி கஃபன் துணி சுத்திப் புதைக்கறதுதான் பாக்கி” என்கிறார். தெருத்தலைவரோ, “மாசக் கடைசிக்குள்ள நுரை நிக்கலன்னா கடைக்குப் பூட்டுதான்” என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பாவைக் கேட்டால், “சுத்தம் பண்ணது ஒரு குத்தமா” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். படித்தவன் நீ, கழுவத் தெரிந்தவர் அவர், நடுவில் வாங்கிக் கட்டிக்கொள்வது நான்.

நாளை ஜப்பானுக்குக் கிளம்பும் உன் சித்தி மகளிடம் இதையும் சோயா டெம்பே வறுவலையும் கொடுக்கிறேன். பார்த்தவுடன் வழி சொல். தொழுகையை விடாதே, வறுவலை ஒரே நாளில் காலி செய்யாதே. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
எண்டாங்

அண்ணா, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டாம் தொட்டிப் பஞ்சைத் தேய்க்க என்னைத்தான் ஏவினார் அப்பா. நான் தேய்த்ததுபோல் பிரஷை நனைத்து வைத்துவிட்டுப் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பஞ்சு இன்னும் வழவழவென்று நாறுகிறது. பாக்டீரியா அங்கேயும் பெருகட்டும் என்று நேற்று அதில் பாதியை வெட்டி முதல் தொட்டியில் கட்டிவிட்டேன், சரிதானே? யோசனை உன்னுடையது என்று போனில் சொல்லிவிடு, இல்லாவிட்டால் எனக்குத்தான் உதை. பிரஷ் கூரைமேல் இருக்கிறது. அப்பா தேடிக்கொண்டிருக்கிறார்.